பத்து நிமிஷ வெயில்

நம் வயதுக்காரர்களே, கோடை லீவில் நீச்சல் பழகப் போனவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பொதுக் குளத்துத் தண்ணீரின் வாடை உங்களை விட்டுப் போய்விட்டதா? எனக்குப் போகவில்லை. பிளீச்சிங் பவுடர், ஈரச் சிமெண்ட், யாரோ தலையிலிருந்து எடுக்க மறந்த மல்லிகை, எல்லாம் ஒன்றாக வெந்த வாடை. சென்னை, ஹைதராபாத், மும்பை என்று வேலை என்னைத் தூக்கி எறிந்த ஊர்களில் எல்லாம் வந்து இறங்கிய வாரமே பொதுக் குளம் எங்கே என்று விசாரிப்பேன். பஸ் பிடித்துப் போவேன். டிக்கெட் வாங்குவேன். பாதி நாள் தண்ணீரில் இறங்காமலே, கைப்பிடிச் சுவரோரம் நின்று, சின்னப் பெண்கள் குதிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன்.

ஐம்பதைத் தாண்டியவளுக்கு இது என்ன கிறுக்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகு உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம், அது உங்கள் இஷ்டம்.

அந்தக் கோடையில் எனக்குப் பத்து வயது. அக்காவுக்கு இருபத்தொன்று. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி ஒன்றில், சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை; வீட்டு விஷயம் எல்லாம் அம்மா வைத்ததுதான் சட்டம். அக்காவின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. புளியங்கொட்டை அளவில் தொடங்கி அந்த வருடம் அரச இலை அளவுக்கு வந்திருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் 'அது'. 'அதைப் பாத்தியா', 'அது கூடியிருக்கா', 'அது தெரியுதான்னு திரும்பி நில்லு'. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும்போது அம்மா தையல்காரரிடம், "முதுகை நல்லா ஏத்தித் தைங்க, பொண்ணுக்கு வெக்கம் ஜாஸ்தி" என்பார். அக்கா பின்னாலிருந்து, "கழுத்து வரைக்கும் தைச்சு மேல ஒரு பூட்டும் போட்டுருங்க" என்பாள். தையல்காரர் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார்.

டவுனில் ஒரு தோல் டாக்டரிடம் ரகசியமாகப் போய் வந்தார்கள். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் ஒரு மருந்து. கூட என்னையும் கூட்டிப் போயிருந்ததால் அவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தடவிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வெயில்ல காட்டுங்க. பத்து நிமிஷம். பத்துன்னா பத்துதான். உடனே சோப்புப் போட்டுக் கழுவிடணும்."

"கூடக் கொஞ்ச நேரம் ஆச்சுன்னா சீக்கிரம் கறுத்துருமா டாக்டர்?" என்றார் அம்மா.

"வெந்துரும்" என்றார் டாக்டர்.

திருச்சியில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் ஒரு வயசுப் பெண் தன் முதுகை அந்த வெயிலில் காட்ட ஊருக்குள் ஓர் இடம் இல்லை. சித்திரை, வைகாசியில் மாடி முழுக்க வடாம். வடாமுக்குப் பக்கத்தில் காக்கை ஓட்ட ஒரு பெண்மணி. அவருக்கு இந்த மாடியிலும் அந்த மாடியிலும் கண். "மாடியில முதுகைத் திறந்துட்டு உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள எட்டு வீதிக்கும் தெரிஞ்சுரும்" என்றார் அம்மா. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அவருக்கு நீச்சல் குளம் தோன்றியது. கன்டோன்மென்ட் பக்கம் இருந்த பொதுக் குளத்தில் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை லேடீஸ் பேட்ச். ஆண் வாடையே கிடையாது. ஆள் உயரத்துக்கு மதில்.

"எனக்குத் தண்ணின்னாலே பயம்மா" என்றாள் அக்கா.

"உன்னை யாருடி நீந்தச் சொன்னா? ஒரு மூலையில போய் உக்காரு. சின்னவ நீந்தட்டும். அவளுக்குத் துணைக்குப் போறேன்னு சொல்லிக்க."

ஆக, ஊருக்கு நான் நீச்சல் பழகுகிறேன், அக்கா துணை. உள்ளே அக்கா வெயில் காய்கிறாள், நான் துணை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அக்காவுக்கு அடுத்த மிஷினில் அடித்துக்கொண்டிருந்த மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர் வீட்டுப் பையன், தன் அம்மாவிடம் தானே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். வைகாசியில் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அக்காவுக்கு அவனைப் பிடித்திருந்தது. எனக்குத் தெரியும். அவன் தப்பாக அடித்துக் கசக்கிப் போட்ட ஒரு காகிதம் அவள் டைப்ரைட்டிங் புத்தகத்தில் நீவி வைக்கப்பட்டிருந்தது. ஒரே எழுத்து பதினேழு தடவை. "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லடி, அதான் அழகு" என்றாள்.

பத்து மணிக்கு அம்மா மருந்து தடவி விடுவார். ஒண்ணாம் நம்பர் பஸ். அக்கா சீட்டில் சாயாமல் நுனியில் உட்கார்ந்து வருவாள். பிரேக் போடும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். பாலத்தில் ஏறும்போது கீழே காவிரி மணலாகக் கிடக்கும். அகண்ட ஆறு, ஒரு குடம் தண்ணீர் இல்லை, மாடு மேய்ந்துகொண்டிருக்கும். "பாருடி, ஆத்தங்கரையில பொறந்துட்டு டிக்கெட் வாங்கித் தண்ணி பாக்கப் போறோம்" என்பாள் அக்கா. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அப்படிப்பட்டவள் அவள். அறிமுகம் இல்லாத ஆளையும் சிரிக்க வைப்பாள்.

குளத்தில், வாசலில் எண் போட்ட அலுமினிய வில்லை ஒன்று தருவார்கள். நாடாவில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். எண்ணெய்த் தலையோடு வந்தால் விசில்காரம்மா திருப்பி அனுப்பிவிடுவார். லேடீஸ் பேட்சைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அவர். கழுத்தில் விசில், கையில் எப்போதும் பாதி கட்டிய பூச்சரம். பாதிப் பெண்கள் நீச்சல் உடையில், மீதிப் பேர் பழைய சுடிதாரில். முதல் அரைமணிக்கும் மேல் குட்டிகளுக்கு விளையாட்டு; பதினொன்று நாற்பதுக்கு ஒரு விசில் அடித்ததும் பெரியவர், சிறியவர் எல்லோரும் வரிசையில் நின்று பழக வேண்டும்.

பம்பு ரூமுக்கும் மதிலுக்கும் இடையில் ஓர் ஆள் உட்காரும் சந்து. அங்கே அக்கா மதிலைப் பார்த்துத் திரும்பி உட்காருவாள். நான் ஊக்குகளைக் கழற்றி முதுகைத் திறந்துவிடுவேன். அந்தச் சந்திலிருந்து கடிகாரம் தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை, தண்ணீருக்கு என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அக்காவுக்கு அந்தக் கடிகாரம் சோற்றுத் தட்டு மாதிரி ஒரு வட்டம்தான். யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால், 'அங்கே என்ன செய்கிறீர்கள்' என்று எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே மணி பார்ப்பது என் பொறுப்பு. பத்து நிமிஷம் ஆனதும் ஓடிப்போய், "ஆச்சுக்கா" என்று சொல்ல வேண்டும். அவள் எழுந்து ஷவரில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு மூன்றடி ஆழத்தில் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான் அவள் நீச்சல்.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகச் சொன்னேன். வெள்ளையின் விளிம்பில் மணல் மணலாகப் பழுப்புப் புள்ளி விழ ஆரம்பித்தது. அம்மா ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்து அழுதார். "ஒட்டிக்கிட்டு வருதுடி, கறுத்துட்டு வருதுடி." அக்கா, "கறுப்பா இருக்கேன்னு அழுத அம்மாவைப் பாத்திருக்கேன், கறுக்குதுன்னு சந்தோஷத்துல அழற அம்மா எனக்கு மட்டும்தான்" என்றாள்.

எனக்குத்தான் பிரச்சினை. குளத்தில் சிவப்பு ரப்பர்த் தொப்பி போட்ட ஒருத்தி இருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், குட்டிகளுக்கெல்லாம் ராணி. அவள் சோப்பு டப்பாவை ஐந்தடித் தண்ணீரில் எறிவாள். முங்கி எடுத்து வருகிறவளுக்கு அடுத்த எறி. நான் நன்றாக முங்குவேன். ஆனால் என் முறை வரும் நேரமாகப் பார்த்துக் கடிகாரம் ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம் என்று நகரும். நான் கரையேறி ஓடுவேன். திரும்பி வந்தால் முறை போயிருக்கும்.

"உங்கக்கா அங்க என்னடி பண்றா தினம்?"

"துணி மாத்துறா."

"பத்து நிமிஷமா? எத்தனை துணி?"

எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு எனக்கு 'அலாரம்' என்று பெயர் வைத்தார்கள். "ஏய் அலாரம், மணி ஆச்சு, போயி அடிச்சுட்டு வா!" "டிரிங், டிரிங்!" தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போதுகூட மேலே அந்த டிரிங் கேட்பது மாதிரி இருக்கும்.

பெண் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் வந்த வியாழக்கிழமை சிவப்புத் தொப்பிக்காரி என்னிடம், "இன்னிக்கு ஒரு நாள் போகாம இரு. நாளைக்கு நீதான் டப்பா எறியற" என்றாள். தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டியும் விட்டாள். காதை இறுக்கிப் பிடித்த ரப்பர். உலகம் அடைத்துப்போய் என் மூச்சு மட்டும் கேட்டது.

பத்து நிமிஷம் ஆனதைப் பார்த்தேன். போகவில்லை. பதினைந்து. தொப்பியோடு சந்துக்குப் போனேன். அக்கா மதிலைப் பார்த்தபடியே, "ஆச்சாடி?" என்றாள்.

"இல்லக்கா. ஆறு நிமிஷம்தான் ஆச்சு."

இதுவரை விளையாட்டுக்காக என்று வைத்துக்கொள்ளலாம். பல வருடம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டாவது தடவை நான் போனபோது விளையாட்டு ஓய்ந்திருந்தது. சிவப்புத் தொப்பிக்காரி கம்பியில் உட்கார்ந்து விரல் சுருக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். என் முறை எதுவும் போகவில்லை. சந்தில் அக்காவின் முதுகு மினுமினுவென்று வேர்த்திருந்தது, நடுவில் அந்த இலை. "ஆச்சாடி?" என்றாள். பெரியவள். எனக்குத் தலை பின்னிவிடுகிறவள், என்னை அடிக்கும் உரிமை உள்ளவள். என் ஒரு சொல்லுக்காக வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அது எவ்வளவு ருசியாக இருந்தது என்று உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நாக்கில் கல்கண்டு மாதிரி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னேன்:

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குக்கா."

பழகும் விசில் அடித்த பிறகுதான் போய், "ஆச்சு" என்றேன். பதினொன்று ஐந்துக்கு உட்கார்ந்தவள். முப்பத்தைந்து நிமிஷம்.

"இன்னிக்கு என்னமோ ரொம்ப நேரமான மாதிரி இருந்துச்சு" என்றாள் ஊக்கை இழுத்துப் பிடித்தபடி.

"வெயில் ஜாஸ்திக்கா. அதான்."

அவள் கழுவிவிட்டு, வரிசையின் கடைசியில் தண்ணீரில் இறங்கிக் கம்பியைப் பிடித்ததும் முடிகிற நீள விசில் அடித்துவிட்டார்கள். "அதுக்குள்ளயா?" என்றாள். "இன்னிக்குச் சீக்கிரம் அடிச்சுட்டாங்க" என்றேன். கேட்ட மாங்காய்ப் பத்தையை வாங்கிக் கொடுத்தாள். மிளகாய்ப்பொடி உதட்டில் எரிய எரியத் தின்றுகொண்டு பஸ்ஸில் வந்தேன். அவளுக்கு எதுவும் ஆகவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த மருந்தின் குணம் அது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை முதுகு செம்பருத்தியாகச் சிவந்தது. சனிக்கிழமை காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளங்கள், ஒன்றின் மேல் ஒன்று. கூடத்தில் வாழை இலையைப் போட்டு, அதற்கு எதிரே ஃபேனை வைத்து, அக்காவைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். முதுகில் இன்னொரு இலை.

"எவ்வளவு நேரம்டி உக்காந்த?" அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"அவ வந்து ஆச்சுன்னு சொன்னவுடனே எழுந்துட்டேம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். "மணி தப்பாப் பாத்தியா?"

"இல்லம்மா. பத்து நிமிஷம் ஆனதும் போய்க் கூப்பிட்டேன்."

"கிளாஸ்ல அவ பர்ஸ்ட்டு. அவளுக்கா மணி பாக்கத் தெரியாது?" என்றார் அம்மா.

அக்கா இலையிலிருந்து முகத்தைத் தூக்கி யோசித்தாள். நியாயமாக யோசித்தாள், பாவம். "அம்மா, அன்னிக்கு நான் தண்ணியில இறங்குனதுமே முடியற விசில் அடிச்சுட்டாங்க."

"அப்போ எவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன்னு நீயே சொல்லிட்ட! சின்னது வந்து கூப்பிட்டிருக்கு. சீக்கிரம் கறுக்கணும்னு நீதான் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க. பேராசைடி உனக்கு. அவன் மேல அவ்வளவு வெறி."

அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணாடி இல்லை. என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று இன்றுவரை நம்ப முயல்கிறேன்.

தள்ளிப் போடலாம் என்றார் அப்பா. நல்ல காரியத்தைத் தள்ளிப் போட்டால் ஊர் காரணம் தேடும் என்றார் அம்மா. ஞாயிறு மத்தியானம் கொப்புளத்தின் மேல் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வைத்து, அதன் மேல் பட்டு ஜாக்கெட்டின் ஊக்கை மாட்டினார். ஊக்கு மாட்டும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நசுக்கிவிட்டாள். நான் கத்தினேன். "நீ எதுக்குடி கத்துற?" என்றார் அம்மா.

மண்ணச்சநல்லூர்க்காரர்கள் நல்லவர்கள். அதையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அக்கா காபி கொடுத்தாள், உட்கார்ந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஸ்பீடு எவ்வளவு என்று ஒரு மாமா கேட்டார். "உங்க வீட்டுப் பையனை விட நிமிஷத்துக்கு நாலு வார்த்தை கூட" என்றாள். சபை குலுங்கியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்து சிரித்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவன் அம்மா எழுந்து, தட்டிலிருந்த பந்துப் பூவை எடுத்து, "எங்க வீட்டுப் பொண்ணு, நானே வச்சு விடறேன்" என்று பின்னால் போய் நின்றார். பூ வைத்தாயிற்று. சடையை நீவினார். நீவிய கை அப்படியே முதுகில் இறங்கி இரண்டு தட்டு தட்டியது. ஆசையோடு தட்டினார்.

அக்கா கத்தவில்லை. அதற்கு மேல் ஒன்று செய்தாள், மாடு மாதிரி ஒரு சத்தம் தொண்டைக்குள்ளிருந்து வந்தது.

அந்த அம்மாள் கையைப் பார்த்தார். ஈரம். "என்னம்மா இது?"

"வேர்க்குருங்க. வெயில் காலம் இல்லீங்களா" என்றார் அம்மா.

அவர் விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அக்காவின் முழங்கையைப் பிடித்து மெதுவாக உள்ளறைக்குக் கூட்டிப் போனார். அம்மா ஓடினார். நானும் போனேன். ஊக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. துணி கொப்புளத்தோடு ஒட்டி வந்தது. உடைந்த தோலுக்கு நடுவில் அந்த வெள்ளை, முன்னைவிடத் தெளிவாக.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்தார். துணியைப் பழையபடி வைத்தார். ஊக்குகளையும் அவரே மாட்டினார். கடைசியாக, அக்கா தலையில் தான் வைத்த பூவைத் தானே எடுத்தார். முடியில் சிக்கியிருந்தது. பொறுமையாக, ஒரு இழைகூட இழுபடாமல் எடுத்தார்.

புண் ஆறியது. ஆறிய இடமெல்லாம் வெள்ளையாக ஆறியது. அங்கிருந்து தோளுக்கு, கழுத்துக்கு, ஐந்தாறு வருடத்தில் முகத்துக்கு. மருந்துப் புட்டியை அம்மா கொல்லையில் உடைத்தார். குளம் நின்றது. சிவப்புத் தொப்பி அதற்கப்புறம் யார் தலைக்குப் போனதோ. அவனுக்கு அந்த வருடமே திருவானைக்காவலில் கல்யாணம். ஊர்வலம் எங்கள் வீதி வழியாக வரவில்லை என்பதே பெரிய உபகாரம் என்றார் அப்பா. அக்காவுக்கு வேறு யாரும் வரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனாள்.

இப்போது அவள் உடம்பில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. கோபுர வாசலில் கைடுகள் அவளை வெளிநாட்டுக்காரி என்று நினைத்து இங்கிலீஷில் கூப்பிடுவார்கள். "இந்த எட்டு வீதியில எனக்குத் தெரியாம எந்தக் கல்லு இருக்குன்னு காட்டப்போற? போய் வேற வேலை பாரு தம்பி" என்பாள். கேட்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அம்மா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். அக்காதான் எல்லாம். நான் ஆப்பிளோடு வருவேன், இரண்டு நாள் இருப்பேன், போவேன். ஒரு முறை அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மா விழுங்கிவிட்டு, அந்த வெள்ளைக் கையைத் தடவிக்கொண்டே, "அன்னிக்கு அவசரப்பட்டுட்டியேடி. சின்னது கூப்பிட்டப்பவே எழுந்திருக்கக் கூடாதா" என்றார். அக்கா, "வாயைத் தொறம்மா" என்றாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆப்பிளுக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். ஒரே சுருளாக வந்தது.

போன ஆனியில் அம்மா போனார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அக்காவும் நானும் அம்மாவின் புடவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று. அவள் ஒரு புடவையை உதறி என் பக்க முனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். பிடித்தபடியே சொல்லிவிட்டேன். பதினைந்தை ஆறு என்றது, இரண்டு நிமிஷம் என்றது, விசில், எல்லாம்.

அக்கா தன் முனையை விடவில்லை. பிறகு, "மொத்தம் எவ்வளவு நேரம்?" என்றாள்.

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

"அப்ப, நீ வந்து சொன்னவுடனே நான் எழுந்தது நெசந்தான்."

"ஆமாக்கா."

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அம்மாகிட்ட. ஒரு தடவைகூட நம்பல. சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துருச்சுடி, நாமதான் அவன் மேல ஆசைப்பட்டு உக்காந்துட்டமோன்னு." புடவையை மடித்துக்கொண்டே என் கைவரைக்கும் வந்து, என் முனையை வாங்கிக்கொண்டாள். "போன மாசம் சொல்லியிருந்தாக்கூடப் போதும். அம்மா நினைவோடதான் இருந்தா."

"மன்னிச்சுருன்னு கேக்க எனக்கு..."

"நீ எதுவும் கேக்காத. இதைக் கேக்க வேண்டியவளைத்தான் கொண்டுபோய் ஆத்துல கரைச்சுட்டு வந்துட்டோம்" என்றாள்.